அஞ்சறைப் பெட்டியும் அயல்நாட்டுப் புட்டியும்



இம்மாதத்திற்கென மாங்காய் ஊறுகாய்க் குறிப்புகள் சிலவற்றை எழுதி முடித்து வைத்திருந்தேன். அவற்றை ஒதுக்கி வைக்கும்படி செய்துவிட்டது ஒரு கடிதம். சிங்கப்பெருமாள் கோவிலில் வாழும் ஒரு தாய் அதை எழுதியிருக்கிறார். அவருடைய கணவரும் மூத்த மகளும் ஒரகடம் சாலையில் வெவ்வேறு தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கின்றனர். இரவு பத்தரை மணிக்குக் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும் மகள், வீட்டிற்கு வரும் வழியில் தள்ளுவண்டிக் கடையில் நின்று நூடுல்ஸோ பிரைடு ரைஸோ உண்டு வருவது வழக்கமாகிவிட்டதாம். பலமுறை கொதித்த எண்ணெயையும், சாலையில் பறக்கும் லாரிப் புழுதியையும் எண்ணிக் கவலையுற்ற அந்தத் தாய், இதே பகுதியில் முன்னொருமுறை வெளிவந்த பிரைடு ரைஸ் குறிப்பைக் கத்தரித்து எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். மகளும் வண்டிக்கடையை மறந்தாள்.

இதுவரை நல்ல செய்திதான். ஆனால் சென்ற ஆண்டின் இறுதியில் கணவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாக மருத்துவர் கண்டறிந்து, உப்பைக் குறைக்கும்படி கண்டிப்புடன் கூறிவிட்டார். அன்றுமுதல் இவர் குழம்பில் பாதி உப்பே இடுகிறார். அப்பளம், கருவாடு, ஊறுகாய் மூன்றையும் வீட்டைவிட்டே நீக்கிவிட்டார். ஆயினும் இரண்டு மாதம் கழித்துச் சென்றபோதும் மருத்துவருக்குத் திருப்தியில்லை. நாங்கள் இன்னும் எதைக் குறைப்பது அம்மா என்பதே கடிதத்தின் கேள்வி.

பழைய இதழைத் தேடி எடுத்து அந்தக் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். நான்கு பேருக்கு: சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, உப்பு தேவையான அளவு, அஜினோமோட்டோ அரைத் தேக்கரண்டி, கடையில் விற்கும் சீன மசாலாப் பொட்டலம் ஒன்று. எழுதியவள் வேறு யாருமில்லை, நான்தான். படித்ததும் கன்னத்தில் யாரோ அறைந்தாற்போல் இருந்தது.

கணக்குப் பார்ப்போம். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. அதாவது இரண்டு கிராமுக்கு மேற்பட்ட உப்பு. மூன்று கரண்டிக்கு ஏழு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தேவையான அளவு' என்று நான் பொறுப்பின்றி எழுதியதற்கு எந்தப் பெண்மணியும் ஒரு தேக்கரண்டி இடுவாள். அது ஐந்து கிராம். பொட்டலத்தைச் சேர்க்காமலேயே நான்கு பேருக்குப் பன்னிரண்டு கிராம். ஆளுக்கு மூன்று கிராம். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாள் முழுவதிலும் உண்ணத்தக்க உப்பு ஐந்து கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே தட்டு உணவில் அதன் பெரும்பங்கு போய்விடுகிறது. போதாக்குறைக்கு அந்தப் பொட்டலம்! அதன் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். சேர்ந்துள்ள பொருள்கள் எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பல பொட்டலங்களில் முதல் மூன்று பெயர்களுக்குள் உப்பு இருக்கக் காண்பீர்கள்.

இரத்த அழுத்தத்திற்கு என் குறிப்பு ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. இரவுப் பணி, உறக்கக் குறைவு, உடல் வாகு, பரம்பரை என்று எத்தனையோ உண்டு. அவை மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு அதைப் புட்டி வழியாகத் திரும்பக் கொண்டுவந்த குற்றத்தில் எனக்குப் பங்குண்டு. அதற்காக அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் ஒட்டியுள்ள குறிப்பைக் கிழித்துவிடுமாறும் வேண்டுகிறேன்.

கிழித்துவிட்டால் மகள் மீண்டும் வண்டிக்கடைக்குப் போவாளே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவ்வூரின் நிலையை நேரில் கண்டவர்களுக்கு இது விளங்கும். குடைவரையில் அமைந்த நரசிம்மர் ஆலயத்தால் பெயர் பெற்ற ஊர் சிங்கப்பெருமாள் கோவில். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையிலிருந்து ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் சாலை அங்கேதான் பிரிகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து கொரியரும் ஜப்பானியரும் வந்தனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். கொரிய எழுத்துப் பலகை தொங்கும் உணவகங்களை ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இன்று காணலாம். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவள் உண்பதை நம் மகளும் சுவைத்துப் பார்ப்பாள். அதைத் தவறென்று கூற நான் துணியமாட்டேன். நாம் செய்யக்கூடியது, அந்தச் சுவையைப் பொட்டலக்காரரின் கையிலிருந்து நம் கைக்கு மாற்றிக்கொள்வதுதான்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழ்த்திசை நாடுகளின் பழைமையான மணப்பொடிகளில் உப்பு கிடையாது. மணம் தனி, உப்பு தனி என்றே அந்நாட்டு மக்கள் வைத்திருக்கின்றனர். நம் அஞ்சறைப் பெட்டியிலும் அப்படித்தானே? இரண்டையும் கலந்து ஒரே பொட்டலத்தில் அடைத்தது வணிகம். உப்பு மலிவான பொருள். எடைக்கு எடை காசு தருவது.

சீனரின் ஐந்து மணப்பொடியை எடுத்துக்கொள்வோம். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு என்னும் ஐந்தே அதன் அங்கங்கள். பிரியாணி செய்யும் எந்த வீட்டிலும் முதல் நான்கும் இப்போதே இருக்கின்றன. அன்னாசிப்பூவைச் சீனர் 'எட்டு மூலை' என்னும் பொருள்பட அழைக்கின்றனர். தென் சீனத்திலும் வியட்நாமிலும் விளைந்து நம் பிரியாணிக்குள் வந்து அமர்ந்த பூ அது. பூ என்கிறோமே தவிர, உண்மையில் அது காய்ந்த கனி. பட்டையைப் பொறுத்தவரை, இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள்பட்டையைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டாம். மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த முரட்டுப் பட்டைதான் சீனப் பொடிக்கு உரியது. ஐந்தாவதான சிச்சுவான் மிளகு நம் மிளகின் இனமன்று. நாவைச் சற்றே மரக்கச் செய்யும் வேறொரு மரத்தின் காய்த்தோல். கொங்கண நாட்டினர் மீன் குழம்பில் இடும் திர்பல் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் கிடைக்காவிடில் நம் மிளகையே இடுங்கள். மரக்கும் தன்மை வராது, மணத்திற்குக் குறைவில்லை.

கிராம்பைப் பற்றி ஒரு சொல். மயிலாப்பூரில் 1545-இல் சில மாதங்கள் தங்கியிருந்த புனித சவேரியார், அங்கிருந்து கப்பலேறி மலாக்கா சென்றார். அடுத்த ஆண்டு கிராம்பின் தாயகமான மொலுக்கஸ் தீவுகளை அடைந்தார். நாம் ஒரு ரூபாய் எடைக்கு வாங்கும் அந்தச் சிறு மொட்டுக்காகவே போர்த்துக்கீசியர் அத்தனை தொலைவில் கோட்டை கட்டியிருந்தனர்.

பொடி செய்யும் முறை: சோம்பு இரண்டு மேசைக்கரண்டி, முழு அன்னாசிப்பூ ஆறு, விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி. வெறும் சட்டியில் மிக இளந்தீயில், கை பொறுக்கும் சூடு ஏறும்வரை மட்டும் புரட்டுங்கள். குழம்புப் பொடிக்கு வறுப்பதுபோல் சிவக்க விட்டால் அன்னாசிப்பூ கசந்துவிடும். ஆறியபின் பட்டையை முதலில் நொறுக்கி, எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள். இரண்டு மாதம் வரை மணம் மாறாது. அளவில் சிக்கனம் வேண்டும். அரைக் கிலோ கோழிக்கு அரைத் தேக்கரண்டி போதும். பிரைடு ரைஸுக்குக் கால் தேக்கரண்டி. கரம் மசாலாவைப் போல் எண்ணெயில் முதலில் போட்டு வதக்காதீர்கள். இறக்குவதற்குச் சற்று முன் தூவிப் புரட்டி மூடிவிடுங்கள். என் மருமகள் முதல் தடவை ஒரு மேசைக்கரண்டி போட்டுவிட்டாள். வீடு முழுவதும் பல் மருத்துவர் அறையைப்போல் மணந்தது!

ஜப்பானியருக்கும் இப்படி ஒரு பொடி உண்டு. 1625-இல் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், ஒரு கடைக்காரர் விற்கத் தொடங்கியதாகக் கூறப்படும் ஏழு சுவைப் பொடி அது. சிவப்பு மிளகாய், எள், கசகசா, காய்ந்த ஆரஞ்சுத் தோல், கடற்பாசி முதலியவை அதில் சேரும்; கடைக்குக் கடை சிறிது மாறும். சூப்பின் மேலும் நூடுல்ஸின் மேலும் உண்ணும்போது தூவிக்கொள்வார்கள். நாம் இட்லியின் மேல் பொடி தூவுவதற்கும் அதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை, ஒன்றைத் தவிர: நம் இட்லிப் பொடியில் உப்பு உண்டு, அவர்கள் பொடியில் இல்லை. விதை நீக்கி வறுத்த மிளகாய் நான்கு, வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி, நிழலில் உலர்த்திய கமலா ஆரஞ்சுத் தோல் ஒரு மேசைக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, சுக்கும் மிளகும் சிறிதளவு. இவற்றைக் கொரகொரவென்று பொடித்து வைத்தால், உப்புக் குறைந்த சாதத்தைக்கூட முகம் சுளிக்காமல் உண்ணலாம். அந்தச் சகோதரியின் கணவருக்கு இதை முதலில் செய்து கொடுக்கும்படி பரிந்துரைக்கிறேன்.

கொரியர் சமையலில் மட்டும் நான் கையைத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. கொரியாவில் அதைப் பற்றிய குறிப்பு 1614-இல் எழுதப்பட்ட நூலில் காணப்படுகிறது. அவர்களுடைய செந்நிற மிளகாய்த் தூளுக்குப் பதிலாக, விதை நீக்கிய காஷ்மீரி மிளகாயையோ பியாடகி மிளகாயையோ கொரகொரப்பாக அரைத்து இடலாம். நிறமும் மிதமான காரமும் ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் கொச்சுஜாங் என்னும் விழுதுக்கு மாற்று இல்லை. மிளகாய்த் தூளோடு பசையரிசியும் புளிக்க வைத்த சோயா மாவும் மால்ட்டும் உப்பும் சேர்த்து மாதக் கணக்கில் ஊறவைப்பது அது. வெல்லமும் மிளகாயும் அரைத்து அதுபோலச் செய்யலாம் என்று சொல்வோர் உண்டு. நானும் முயன்று பார்த்தேன். காரச் சட்னி கிடைத்தது, கொச்சுஜாங் கிடைக்கவில்லை. வேண்டுமென்போர் சிறு டப்பா ஒன்று வாங்கி, அதிலும் உப்பு மிகுதி என்பதை நினைவிற் கொண்டு, அரைத் தேக்கரண்டிக் கணக்கில் பயன்படுத்துங்கள்.

இனி, அந்தச் சகோதரிக்கு நான் உண்மையில் சொல்ல விரும்பிய உணவுக்கு வருகிறேன். அதைத் தேடி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போக வேண்டியதில்லை. வேறு திசையில் போக வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் மின்சார ரயிலில் ஏறி, கடைசி நிலையமான சென்னைக் கடற்கரையில் இறங்கினால், எதிரே பர்மா பஜார். அதை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் வண்டிகளில் அத்தோ விற்கிறார்கள். பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த நம் தமிழ் மக்கள், 1962-இல் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையானபின், பிழைப்பிழந்து கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கினர். சொத்துகளைக் கொண்டுவர முடியவில்லை. கைப்பக்குவம் மட்டும் கூட வந்தது. அந்தக் கைப்பக்குவமே இன்று பலருக்குச் சோறு போடுகிறது. அத்தோ என்பதற்குப் பர்மிய மொழியில் கலந்து பிசைந்தது என்று பொருள். வாணலியோ பெருந்தீயோ அதற்குத் தேவையில்லை. சோயா சாஸும் தேவையில்லை.

கடிதம் வந்த வாரம் நானே அந்த ரயிலில் சென்று, ஒரு வண்டியருகே நின்று பார்த்தேன். கடைக்காரப் பெரியவர் உப்பை இரு விரலால் கிள்ளிப் போட்டார். புளித்தண்ணீரையோ தாராளமாக ஊற்றினார். இரகசியம் அதில்தான் இருக்கிறது. புளிப்பும், வறுத்த பூண்டின் மணமும், மொறுமொறுப்பும் கூடும்போது, உப்பு குறைந்ததை நாக்கு அவ்வளவாக அறிவதில்லை.

வீட்டில் நான்கு பேருக்குச் செய்யும் முறை இது. முதலில் பூண்டு எண்ணெய்: இருபது பற்களை மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஆறு மேசைக்கரண்டிக் கடலை எண்ணெயில் இளந்தீயில் பொன்னிறமாகும்வரை பொரித்து, பூண்டைத் தனியே எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து மொறுமொறுப்பாகப் பொரித்தெடுங்கள். எஞ்சிய எண்ணெய்தான் இவ்வுணவின் உயிர். இந்த வேலையில் அவசரம் ஆகாது. பூண்டு ஒரு கணம் கூடுதலாகச் சிவந்தால் கசப்பு வந்துவிடும். பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள். வெளியில் வந்தபிறகும் அது சிவந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, மசாலாப் பொட்டலம் இல்லாத வெறும் கோதுமை நூடுல்ஸ் கால் கிலோ. கொதிநீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் இட்டு வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி வடித்து, சிறிது பூண்டு எண்ணெய் தடவி உதிர்த்து வையுங்கள். முட்டைக்கோஸை நூல்போல் அரிந்தது இரண்டு கோப்பை. பச்சை வெங்காயம் ஒன்று, அதுவும் மெல்லியதாக. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாய் ஆறினை வறுத்து நொறுக்குங்கள். பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். புளித்தண்ணீரையும் எண்ணெயையும் நூடுல்ஸோடு ஒட்டச் செய்வது இந்த மாவுதான். இதை விட்டுவிட்டால் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கும்.

அகன்ற பாத்திரத்தில் எல்லாவற்றையும் இட்டு, உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாமல் சேர்த்து, நன்கு கழுவிய கையால் பிசையுங்கள். கரண்டியால் கிளறினால் அந்தப் பதம் வராது. கடைசியில் பொரித்த வெங்காயம், பூண்டு, கொத்துமல்லித் தழை, அரை மூடி எலுமிச்சைச் சாறு. வண்டிகளில் பேஜோ என்னும் மொறுமொறு வடையை நொறுக்கிப் போடுகிறார்கள்; வீட்டில் தட்டையை நொறுக்கிப் போடலாம். ஆனால் தட்டையிலும் உப்பு இருக்கிறது என்பதை இப்போது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனுடன் வாழைத்தண்டு சூப் தருவது வழக்கம். இஞ்சியும் பூண்டும் வெங்காயமும் வதக்கி, தண்ணீர் ஊற்றி, நார் எடுத்த வாழைத்தண்டுத் துண்டுகளை வேகவைத்து, வறுத்த கடலை மாவை ஒரு கரண்டி கரைத்து விட்டு, மிளகுத் தூள் சற்றுத் தூக்கலாக இட்டு இறக்குங்கள். பர்மாவில் மொஹிங்கா என்னும் மீன் சாற்றில் வாழைத்தண்டு இடுவார்கள். அதன் சைவ வாரிசு இது. இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமைகளில் இரவு உணவாக இவ்விரண்டுமே போதும். இரவு பத்தரைக்கு வரும் மகளுக்காக எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து வைத்திருந்தால், அவள் கைகால் கழுவி வருவதற்குள் பிசைந்து கொடுத்துவிடலாம்.

பிரைடு ரைஸை முற்றிலும் விலக்க வேண்டுமென்பதில்லை. மாதம் இரண்டு முறை செய்யுங்கள், இவ்வாறு திருத்தி: நான்கு பேருக்குச் சோயா சாஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டி; வேறு உப்பு அறவே வேண்டாம்; சாதம் வடிக்கும்போதும் வேண்டாம். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் தாராளமாக. வினிகர் ஒரு தேக்கரண்டி. ஐந்து மணப்பொடி கால் தேக்கரண்டி. அஜினோமோட்டோவைப் பற்றி அச்சம் கொண்ட கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. 1908-இல் கிக்குனே இக்கேதா என்னும் ஜப்பானிய அறிஞர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருள் அது. தக்காளியிலும் இயற்கையாகவே உள்ளது. சாதாரண அளவில் உண்பவருக்கு அது நஞ்சென்று ஆய்வுகள் காட்டவில்லை. சமையல் உப்பைவிட அதில் சோடியமும் குறைவு. எனினும் உப்போடு அதையும் கூட்டினால் சோடியம் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. என் வீட்டில் அது தீர்ந்தபின் நான் மறுபடி வாங்கவில்லை. தக்காளியே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்பதை மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்திற்குச் சிலவகை மாத்திரைகள் உண்போருக்கும் அது தீங்கு விளைவிக்கலாம்.

முதல் இரண்டு வாரம் உங்கள் கணவர் எல்லாம் சப்பென்றிருப்பதாக முறையிடுவார், சகோதரியே. பொறுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்; அதன்பின் பழைய அளவில் செய்து கொடுத்தால் அவரே உப்புக் கரிக்கிறது என்பார். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தபின், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஒதுக்கி வைத்த ஊறுகாய்க் குறிப்புகளை அடுத்த மாதம் வெளியிடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவற்றின் முதல் வரியே 'கல்லுப்பு ஒரு படி' என்றுதான் தொடங்குகிறது.